அத்தாவின் கிதாபும் உங்கள் கேள்வியும்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். தேனி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். என் அத்தா (அப்பா) மதரஸாவில் ஓதி ஸனது (பட்டம்) வாங்கியவர், எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாக இருக்கிறார். பெரியத்தா மகளின் கணவர் வேலைக்கென்று வெளியூர் போய் ஐந்து வருடம் ஆகிறது. எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. பணமும் வருவதில்லை, போனும் வருவதில்லை. அக்காவுக்கு 29 வயது, ஒரு பையன் இருக்கிறான். மறுமணப் பேச்சு எடுத்தால் "நம்ம ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) காத்திருக்கத்தான் வேண்டும்" என்கிறார் அத்தா. ஏழு வருடம் ஆகட்டும் என்கிறார்கள் வேறு சிலர். நான் இக்பால், ஃபஸ்லுர் ரஹ்மான் போன்ற நவீன முஸ்லிம் சிந்தனையாளர்களை எல்லாம் படித்தவள். "ஆயிரம் வருஷத்துப் புத்தகங்களை மூடி வையுங்கள், குர்ஆனை மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அத்தா என்னோடு பேசுவதில்லை. மரபு வழி ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்வது சரியா, நவீனமாகச் சிந்திப்பவர்கள் சொல்வது சரியா? நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், சகோதரி.

அக்கா பக்கம் நில்லுங்கள். அங்கே நின்றுகொண்டு, இவளைப் போன்ற ஒரு பெண்ணுக்கு இரண்டு தரப்பாரும் இதுவரை என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியாவில் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்னால் இதே பிரச்சினை எழுந்தது, ஒரு வழிக்கும் வந்தது. வரலாறு படிக்கிற உங்களுக்கு அந்தக் கதை பயன்படும்.

முதலில் அத்தா சொன்னதைப் பார்ப்போம். அவர் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. காணாமல் போனவனை ஃபிக்ஹில், அதாவது மார்க்கச் சட்டத்தில், மஃப்கூத் என்பார்கள். அவனுடைய வயதுக்காரர்கள் இறந்து முடியும் வரை அவன் உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது பழைய ஹனஃபி நிலைப்பாடு. அதைத் தொண்ணூறு வயது என்று கணக்காகச் சொன்னவர்களும் உண்டு. உறுதியாகத் தெரிந்த ஒன்று வெறும் சந்தேகத்தால் நீங்காது என்ற விதி இதற்கு அடிப்படை. கடல் வணிகத்துக்கும் ஹஜ்ஜுக்கும் போனவர்கள் பல வருடம் கழித்துத் திரும்பிய காலத்தில், அவனுடைய சொத்தை யாரும் பங்கு போட்டுவிடாமல் அந்த விதி காத்தது. ஆனால் சொத்து காத்திருக்கும். 29 வயதுப் பெண்ணை அப்படிக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

பிரிட்டிஷ் காலத்துப் பஞ்சாபில் இந்தக் கேள்வி வேறு ரூபத்தில் வெடித்தது. கைவிட்டுப் போனவன், செலவுக்குக் கொடுக்காதவன், கொடுமை செய்கிறவன் ஆகியோரிடமிருந்து விடுபட ஹனஃபி சட்டத்தில் மனைவிக்கு அநேகமாக வழியே இல்லை. கணவன் தலாக் சொல்ல வேண்டும், அல்லது குலாவுக்கு (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்குக்கு)ச் சம்மதிக்க வேண்டும். காணாமல் போனவனிடம் சம்மதம் எப்படி வாங்குவது? மனைவி மதம் மாறினால் நிகாஹ் தானாக முறிந்துவிடும் என்று ஒரு தீர்ப்பு கிதாபுகளில் இருந்தது. நீதிமன்றங்களும் அதை ஏற்றன. அதனால் சில பெண்கள் விடுதலைக்காகவே மதம் மாறினார்கள். நிகாஹிலிருந்து வெளியே வர ஈமானை (இறைநம்பிக்கையை) விட வேண்டியிருந்தது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

இதைப் பலர் கேட்கும்படி பேசியவர்களில் முக்கியமானவர் நீங்கள் படிக்கிற இக்பால்தான். அவர் லாகூரில் வழக்கறிஞராகவும் இருந்தவர், இந்த வழக்குகளின் போக்கு தெரிந்தவர். இஸ்லாமியச் சிந்தனையைப் புதுப்பிப்பது பற்றிய தம் புகழ்பெற்ற உரைகளை அவர் 1929 ஜனவரியில் நம் சென்னையில்தான் படிக்கத் தொடங்கினார். அழைத்து வந்தவர்களில் முன்னால் நின்றவர் ஜமால் முஹம்மது சாஹிப். பெரம்பூரில் ஜமாலியா அரபிக் மதரஸாவைப் பேணி வந்த குடும்பம் அவருடையது. ஆலிம்களை உருவாக்கும் மதரஸாவுக்குச் செலவழித்த வீடு, இக்பாலின் புதுச் சிந்தனைக்கும் செலவழித்திருக்கிறது. இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

1930-இல் புத்தகமாக வந்த அந்த உரைகளில் ஆறாவது இஜ்திஹாத் (மார்க்கச் சட்டத்தில் சுயமாக ஆய்ந்து முடிவு காண்பது) பற்றியது. அதில் பஞ்சாப் பெண்களின் நிலையை இக்பால் எடுத்துச் சொல்கிறார். மக்கள் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள், சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று வருந்துகிறார். ஹிதாயா என்ற ஹனஃபி சட்ட நூலில் உள்ள, மதம் மாறினால் நிகாஹ் முறியும் என்ற அந்த விதி இந்த நாட்டில் தீனை (மார்க்கத்தை)க் காக்கிறதா என்று கேட்கிறார். எதை ஆதாரமாக வைத்துக் கேட்கிறார் என்று கவனித்தீர்களா? ஆறு நூற்றாண்டுக்கு முன்பு ஸ்பெயினில் வாழ்ந்த மாலிகி ஆலிம் ஷாதிபியின் அல்முவாஃபகாத்தை. ஷரீஅத் காப்பாற்ற வந்தவை மார்க்கம், உயிர், அறிவு, சொத்து, சந்ததி என்று அந்த நூல் சொல்லும் அளவுகோலை வைத்துத்தான் ஹிதாயாவைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார். புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லவில்லை, இன்னொரு புத்தகத்தைத் திறந்தார்.

கேள்வியை அவர் கேட்டார். பதிலை உண்டாக்கியது இன்னொருவர்: தேவ்பந்த் மதரஸாவில் ஓதிய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி. மரபில் அவரைவிட ஊறியவரைக் காட்டுவது கஷ்டம். மனைவி மதம் மாறினால் நிகாஹ் முறியும் என்ற பழைய தீர்ப்பை அவரும் முன்பு சொன்னவர்தான். நிலைமை கைமீறிப் போவதைப் பார்த்து, 1930-களின் தொடக்கத்தில் 'அல்ஹீலத்துன் நாஜிஸா' என்ற நூலை வெளியிட்டார். அதை அவர் செய்த விதத்தைப் பாருங்கள். மாலிகி மத்ஹபில் இந்தப் பெண்களுக்கு வழி இருக்கிறது என்று தெரியும். ஆனால் தாம் மாலிகி இல்லையே என்று, மதீனாவில் இருந்த மாலிகி ஆலிம்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார், ஃபத்வாக்களை வாங்கினார், சந்தேகம் வந்த இடத்தில் மறுபடியும் எழுதினார். அப்புறம் தேவ்பந்த், ஸஹாரன்பூர் ஆலிம்களிடம் காட்டி ஒப்புதல் பெற்றார். காணாமல் போனவனின் மனைவி, செலவு கிடைக்காத மனைவி, மனநிலை பிறழ்ந்தவனின் மனைவி என ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே வழி சொன்னார். முஸ்லிம் காஜி (மார்க்க நீதிபதி) இல்லாத ஊரில், மார்க்கம் தெரிந்த நல்லவர்கள் அடங்கிய பஞ்சாயத்தே காஜியின் இடத்தில் இருந்து நிகாஹை ரத்து செய்யலாம் என்றார். அதுவும் மாலிகி மத்ஹபிலிருந்து எடுத்ததுதான். மதம் மாறுவதால் நிகாஹ் முறியாது என்றும் நிலையை மாற்றிக்கொண்டார்.

பிறகு ஆலிம்களின் ஆதரவோடு மத்திய சட்டசபையில் காஜ்மி என்ற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். 1939-இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் வந்தது. தீர்ப்புச் சொல்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் விழுந்துபோனதில் ஆலிம்களுக்கு வருத்தம் இருந்தது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம், உங்கள் வீட்டுச் சண்டை அப்படியே இதற்குள் இருக்கிறது. குர்ஆனை மட்டும் பாருங்கள் என்றீர்கள். காணாமல் போனவனின் மனைவி எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று குர்ஆனில் நேராக ஒரு வசனமும் இல்லை. நான்கு வருடம், அதன்பின் நான்கு மாதம் பத்து நாள் இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்), பிறகு அவள் மணந்துகொள்ளலாம் என்பது கலீஃபா உமரின் தீர்ப்பு. இமாம் மாலிக் அதைத் தம் முவத்தா என்ற நூலில் பதிந்து வைத்ததால்தான் நம் கைக்கு வந்தது. அந்த ஆயிரம் வருஷத்துப் புத்தகங்களை மூடினால் அக்காவுக்கான கதவும் சேர்ந்து மூடிவிடும். நவீனமாகச் சிந்திக்கிறவர்களில் பலரிடம் எனக்குள்ள குறை இதுதான். கேள்வி நேர்மையாக இருக்கும், அக்கறையும் உண்மையாக இருக்கும். ஆனால் தாங்கள் ஓதிப் பார்க்காத கிதாபைக் காலாவதியானது என்று சொல்லிவிடுவார்கள். ஃபஸ்லுர் ரஹ்மான் அப்படிப்பட்டவர் இல்லை. அவருடைய தந்தை தேவ்பந்தில் ஓதிய ஆலிம். மதரஸா பாடத்திட்டம் முழுவதையும் மகனுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். எதிர்ப்புக் கிளம்பி 1968-இல் பாகிஸ்தானை விட்டு அமெரிக்கா போன அந்த மனிதரின் எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆலிம் தகப்பனின் பாடம் இருக்கிறது.

அத்தாவிடமும் எனக்குக் குறை உண்டு. காத்திருக்கத்தான் வேண்டும் என்பதோடு மத்ஹப் முடிந்துவிடவில்லை. அவருடைய அலமாரியில் இப்னு ஆபிதீனின் ரத்துல் முஹ்தார் என்ற சட்ட நூல் அநேகமாக இருக்கும். டமாஸ்கஸில் 1836-இல் மறைந்த ஹனஃபி அறிஞர் அவர். மஃப்கூத் பாடத்திலேயே, நெருக்கடியான இடத்தில் இமாம் மாலிக்கின் சொல்லைக் கொண்டு ஃபத்வா கொடுத்தால் குற்றமில்லை என்ற கருத்தை எடுத்து எழுதியிருக்கிறார். ஆக, ஹனஃபி கிதாபுக்குள்ளேயே ஜன்னல் இருக்கிறது. அத்தா தயங்குவதற்குக் காரணமும் புரிகிறது. தனக்குச் சௌகரியமானதை ஒவ்வொரு மத்ஹபிலிருந்தும் பொறுக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் மார்க்கம் விளையாட்டாகிவிடும் என்று ஆலிம்கள் பயப்படுவார்கள். அது நியாயமான பயம். ஆனால் மனிதர் மனைவியையும் பிள்ளையையும் விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகிறது. அந்தப் பெண் வழி கேட்பதை யாராவது சௌகரியம் என்பார்களா? ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரத்தில் ஷாஃபி மத்ஹபில் இருக்கும் குடும்பங்களில், செலவுக்குக் கொடுக்க வக்கில்லாத கணவனிடமிருந்து காஜி மூலம் ஃபஸ்க் (நிகாஹ் ரத்து) வாங்குவதற்கு அவர்கள் மத்ஹபிலேயே இடம் உண்டு. ஒரே மாநிலம், ஒரே தீன்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. தானவியின் வேலை பெரிய வேலை. ஆனால் அது வருவதற்குள் எத்தனை பெண்கள் வீட்டு மூலையில் கிடந்து வயதாகிப் போயிருப்பார்கள்! பெண்கள் மதம் மாறுகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகுதான் சமுதாயம் அசைந்தது. அவர்களுடைய கஷ்டத்துக்காகவே அசைந்திருக்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான் அவசியம். கேட்பதை நிறுத்தாதீர்கள்.

அத்தாவிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். புத்தகத்தை மூடச் சொன்னதற்கு மட்டும். கேள்வி கேட்டதற்கு மன்னிப்புத் தேவையில்லை. அப்புறம் ரத்துல் முஹ்தாரில் மஃப்கூத் பாடத்தை எடுத்து எனக்கு ஓதிக் காட்டுங்கள் என்று உட்காருங்கள். தானவியின் நூல் தமிழகத்து ஹனஃபி மதரஸாக்களில் ஓதிய ஆலிம்களுக்குப் புதிதல்ல. கையில் இல்லாவிட்டால் உஸ்தாதிடம் கேட்டு வாங்கித் தருவார். மகள் தன் கல்வியை மதிக்கிறாள் என்று தெரிந்தால் அவரால் வெகுநாள் பேசாமல் இருக்க முடியாது. அலிகரில் கல்லூரி கண்ட சர் சையித் அஹ்மத் கானும், தேவ்பந்த் மதரஸாவை நிறுவியவர்களில் ஒருவரான மௌலானா காசிம் நானவ்தவியும் கொள்கையில் எவ்வளவு முரண்பட்டவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1880-இல் நானவ்தவி மறைந்தபோது, அவருடைய இறையச்சத்தையும் நேர்மையையும் புகழ்ந்து தம் பத்திரிகையில் உருக்கமாக எழுதினார் சர் சையித். அவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள்கூட இல்லை.

சரி, அக்காவுக்குச் செய்ய வேண்டியது. ஏழு வருடம் என்று சொன்னவர்கள் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் ஆள் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டம். திருமண ரத்துக்கு 1939-ஆம் வருடச் சட்டப்படி நான்கு வருடம் இருப்பிடம் தெரியாமல் இருந்தாலே போதும். இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காமல் இருந்தால் அதுவும் தனிக் காரணம். அக்காவுக்கு இரண்டுமே இருக்கிறது. காணவில்லை என்ற காரணத்தில் தீர்ப்பு வாங்கினால் அது ஆறு மாதம் கழித்துத்தான் அமலுக்கு வரும். இடையில் கணவர் திரும்பி வந்து சேர்ந்து வாழத் தயார் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் தீர்ப்பு ரத்தாகும். அவருடைய வாரிசுகளுக்கு நோட்டீஸ் போக வேண்டும். வாரிசாக இல்லாவிட்டாலும் சித்தப்பா, பெரியப்பா, சகோதரர் இருந்தால் அவர்களையும் வழக்கில் சேர்க்க வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கடமை. முதலில் அங்கே போங்கள்.

ஜமாஅத்தின் தாள் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. நீதிமன்றத் தாள் மட்டும் போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம். பல ஆலிம்கள் அதை மட்டும் வைத்து மறு நிகாஹ் ஓதத் தயங்குவார்கள். மேலே சொன்ன பழைய வருத்தம் இதுதான். தீர்ப்பு வந்ததும் ஆலிம்கள் இருக்கும் ஜமாஅத் பஞ்சாயத்தில் ஃபஸ்க் எழுதி வாங்குங்கள். பின்னால் அக்காவை யாரும் விரல் நீட்டிப் பேச முடியாது.

இதில் அத்தாவால் மட்டுமே தீர்க்க முடிந்த மஸ்அலா (மார்க்கச் சட்டக் கேள்வி) ஒன்று இருக்கிறது. மாலிகி கிதாபுகளில் அந்த நான்கு வருடம் காஜியிடம் முறையிட்ட பிறகே எண்ணப்படும், இத்தா நான்கு மாதம் பத்து நாள். செலவு கொடுக்காததைக் காரணமாக வைத்தால் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை, இத்தாவும் தலாக்கின் இத்தாதான். மனுவில் எதை முதல் காரணமாக எழுதுவது என்பது இதைப் பொறுத்தது. வழக்கறிஞரைப் பார்ப்பதற்கு முன்னால் அத்தாவிடம் இதைக் கேளுங்கள். முடிந்தால் அவரையும் கூட அழைத்துப் போங்கள்.