ஸ்டோரை மூடினால் நான் வாங்கிய கேம் என்ன ஆகும்?

கேள்வி: என்னிடம் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) டிஸ்க்குகள் கொஞ்சம் இருக்கின்றன. மற்றவை பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும், கணினி கேம் விற்கும் ஸ்டீமிலும் காசு கொடுத்து டவுன்லோடு செய்தவை. இப்போது பிஎஸ்5 வாங்கப் போகிறேன். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலை நம்பி வாங்கலாமா? ஸ்டோரையே மூடிவிட்டால்?

பதில்: கையில் பிஎஸ்4 டிஸ்க் இருப்பதால் டிரைவ் உள்ள மாடலையே வாங்குங்கள். அந்த டிஸ்க்குகள் பெரும்பாலும் அதில் ஓடும். 2023-இல் வந்த ஸ்லிம் டிஜிட்டல் மாடலுக்கு டிரைவைப் பிறகு தனியாக வாங்கி மாட்டலாம். ஆனால் முதல்முறை பொருத்தும்போது இணையம் கேட்கும்.

ஸ்டோரை மூடுவது என்றாலே எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கேம் கருவிகளுக்கான ஸ்டோர்களில் 2023 மார்ச் 27-ஆம் தேதியோடு விற்பனை நின்றது. அதற்குப் பிறகும் ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி டவுன்லோடு செய்ய முடிந்தது. 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் மூடியபோதும் அப்படித்தான். ஆனால் அந்த வசதியை எத்தனை வருடம் தருவார்கள் என்பது நிறுவனத்தின் இஷ்டம்.

உண்மையில் அடி விழுந்தது வேறு இடத்தில். யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’ 2014-இல் வந்த கார் பந்தய கேம். தனியாக ஆடினாலும் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள். டவுன்லோடு செய்தவர், டிஸ்க் வைத்திருந்தவர் இருவருக்குமே கேம் போயிற்று. ஆக, டிஸ்க்கா டிஜிட்டலா என்பதைவிட, நெட் இல்லாமல் ஓடுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு கேமைத் திறந்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பிஎஸ்5-இல் அதற்கு முன் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’ ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் கேமையும் இப்படிச் சோதியுங்கள். சிலவற்றில் டிஸ்க்கைப் போட்ட பிறகும் பெரிய டவுன்லோடு ஒன்று காத்திருக்கும்.

ஸ்டீமிலும் நாம் வாங்குவது ஆடுவதற்கான உரிமம்தான், கேம் நமக்குச் சொந்தமாகாது. இதை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம் அமலுக்கு வரும் முன்பே, 2024-இல், பணம் கட்டும் பக்கத்திலேயே அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் விதி இடம் தராது. ஒரே கேம் ஜிஓஜி என்ற கணினி கேம் ஸ்டோரிலும் கிடைத்தால் நான் அங்கேதான் வாங்குவேன். அதன் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை (நெட் இல்லாமலே கேமை நிறுவும் கோப்பு) எடுத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டால், அப்புறம் எந்த ஸ்டோரின் தயவும் வேண்டாம். ஆனால் இன்ஸ்டாலரை உடனே எடுத்து வைக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் ஜிஓஜியும் இன்னொரு ஸ்டோர்தான்.

விற்பனையிலிருந்து நீக்கிய கேம் ஏதாவது உங்கள் கன்சோலில் இருந்தால், இடம் போதவில்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். கோனாமி நிறுவனம் 2015-இல் ‘பி.டி.’ என்ற திகில் கேம் டெமோவை ஸ்டோரிலிருந்து எடுத்த பிறகு, அழித்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. இலவச டெமோதான், ஆனாலும் அது இருக்கிற பழைய பிஎஸ்4-ஐக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். உங்கள் பிஎஸ்4-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் அதில் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.