முக்காலி ஆடாது, ஆனால் கவிழும்

கேள்வி: வீட்டில் தினமும் ஓட்ட ஒரு கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து ஓட்டுவதற்காகப் ரிலையன்ட் ராபின் என்ற பழைய பிரிட்டிஷ் மூன்று சக்கரக் கார் ஒன்றை வாங்க ஆசைப்படுகிறேன். "அது திருப்பத்தில் கவிழ்கிற வண்டி" என்று வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். உண்மையிலேயே கவிழுமா?

பதில்: முதலில் ஒரு முக்காலியை எடுத்து மேடுபள்ளமான தரையில் போடுங்கள். நாற்காலியாக இருந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும். முக்காலி ஆடவே ஆடாது. இப்போது அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கும் பக்கமாகச் சாய்ந்து பாருங்கள். விழுந்தால் என்னைத் திட்டாதீர்கள். மூன்று சக்கரக் காரின் சூட்சுமம் அந்த இரண்டு நொடியில் விளங்கிவிடும்.

ராபினுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. நேராகப் போகும்வரை சாது. திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதித்தால்தான் சிக்கல். திரும்பும்போது எடை வெளிப்பக்கம் போகிறது, பிரேக் போட்டால் முன்பக்கம் போகிறது. இரண்டும் சேர்ந்து முன்மூலையில் போய் விழுகின்றன. அந்த மூலையில் தாங்கிப்பிடிக்கச் சக்கரம் இல்லை. ஆகவே வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிட வேண்டும், உள்ளே போன பின் பிரேக்கை மறந்துவிட வேண்டும். இதைப் பழகிக்கொண்டவர்கள் வருஷக்கணக்காக ஓட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டார் சிரிப்பதற்குக் காரணம் அநேகமாக ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதில் ராபின் தெருவுக்குத் தெரு உருண்டது. நன்றாக உருள வேண்டும் என்பதற்காக டிஃபரன்ஷியலில் (பின்சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரப் பெட்டியில்) கைவைக்கச் சொன்னதைப் பிற்பாடு அந்தத் தொகுப்பாளரே எழுதி ஒப்புக்கொண்டார். பாவம், வண்டியின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

யாரும் வேடிக்கைக்காக அதை உருவாக்கவில்லை. எடை குறைந்த மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் உரிமத்திலேயே ஓட்டலாம் என்று பிரிட்டனில் விதி இருந்தது. சாலை வரியும் குறைவு. மழையில் நனைந்தபடி மனைவி மக்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவருக்கு, தலைக்குமேல் கூரையுள்ள வண்டி இன்னொரு தேர்வு எழுதாமலே கிடைத்தது. அந்த எடை வரம்புக்குள் அடங்கத்தான் ரிலையன்ட்டின் டாம்வொர்த் தொழிற்சாலையில் ஃபைபர் கிளாஸ் உடம்பும் அலுமினிய எஞ்சினும் போட்டார்கள். 1973-இல் வந்து 1981-இல் நின்று, 1989-இல் மறுபடி தொடங்கி, 2001 வரை ஓடியது.

கேள்வி: ஃபைபர் கிளாஸ் உடம்பு துருப்பிடிக்காது, ஆகவே பழைய வண்டியாக இருந்தாலும் பயமில்லை என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பாதி நிஜம். உடம்பு துருப்பிடிக்காதுதான். ஆனால் உடம்பு உட்கார்ந்திருப்பது இரும்புச் சேஸிஸின் மேல், அதற்கு அந்த வரம் கிடையாது. சாதாரணக் கார் என்றால் கதவோரத்தில் கொப்புளம் கிளம்பி உங்களை எச்சரித்துவிடும். இங்கே மேலே பளபளப்பு, கீழே அரிப்பு. வெளியே ஒரு தடயமும் தெரியாது.

நண்பருக்காக ஒருமுறை இப்படி ஒரு வண்டியைப் பார்க்கப் போனேன். மெழுகு தேய்த்துத் துடைத்த சிவப்பு, முகம் பார்க்கலாம் போல இருந்தது. பின்சக்கரத்துக்கு அருகே தரையில் படுத்து, கறுப்புப் பூச்சு கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்த ஓர் இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்தினேன். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். திருப்புளி கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. விற்றவர் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். நண்பர் வாங்கவில்லை.

ஆகவே திருப்புளியும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். பிறகு முன்மூக்கை ஜாக்கியில் தூக்கி, ஒற்றைச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். திருப்புவது, முன்பக்கப் பள்ளத்தைத் தாங்குவது எல்லாம் அந்த ஒரு சக்கரத்தின் தலையில். அங்கே லொடலொடப்பு இருந்தால் ஸ்டியரிங் பாகங்கள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். விலையைக் குறைக்கச் சொல்லலாம், அல்லது கிளம்பிவிடலாம். ரேடியேட்டர் தண்ணீர் பழுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினிய எஞ்சின் சூடேறித் தவித்திருந்தால் பின்னால் செலவு வைக்கும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பழுதுபார்க்கும் இடங்களில் இருக்கும் குழியும், இரண்டு தண்டவாளம் போன்ற தூக்கியும் நான்கு சக்கர வண்டிக்காக அமைந்தவை. உங்கள் வண்டியின் நடுச்சக்கரம் நேராகக் குழிக்குள் போகும். வாங்குவதற்கு முன்பே உங்கள் மெக்கானிக்கிடம் "இதை எதன்மேல் ஏற்றுவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் வேறு மெக்கானிக்கைத் தேடுங்கள்.

கேள்வி: ஐசெட்டா, மெஸ்ஸர்ஷ்மிட், பீல் பி50 என்ற பழைய குட்டிக் கார்கள் மூன்றில் எது சுவாரசியம்? பணம் ஒரு பொருட்டல்ல.

பதில்: பணம் பொருட்டல்ல என்று எழுதுகிறவரிடம் எனக்குப் பொறாமை உண்டு.

ஐசெட்டா 1953-இல் இத்தாலியில் பிறந்தது. 1955 முதல் 1962 வரை பிஎம்டபிள்யூ தயாரித்தது. கதவு ஒன்றே ஒன்று, அதுவும் மூக்கில். திறந்தால் ஸ்டியரிங்கும் கதவோடு சேர்ந்து விலகி வழிவிடும். ஜெர்மன் வண்டிகளில் பின்னால் இரண்டு சக்கரங்கள் நெருக்கமாக இருக்கும். பிரிட்டனின் பிரைட்டனில் தயாரித்தவற்றில்தான் ஒற்றைச் சக்கரம். மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு ஏற்ப அங்கே ரிவர்ஸ் கியரை அடைத்து விற்றதும் உண்டு. மூக்கைச் சுவரில் ஒட்டி நிறுத்திவிட்டால் கதவும் திறக்காது, வண்டியும் பின்னால் போகாது. துணிக்கூரையைத் திறந்து மேலே ஏறித்தான் வர வேண்டும்.

மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 இதற்கு நேர் எதிர். விமானம் செய்த நிறுவனம், போருக்குப் பின் விமானம் செய்யத் தடை. ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற பொறியாளரின் வடிவமைப்பைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும், தலைக்குமேல் கண்ணாடிபோல் பிளாஸ்டிக் குமிழ். எஞ்சின் 191 சிசி, டூ-ஸ்ட்ரோக். ரிவர்ஸ் கியர் என்று தனியாகக் கிடையாது. எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக் கிளப்பினால் எஞ்சினே எதிர்த்திசையில் சுழலும். ஆக, பின்னால் போகவும் நான்கு கியர்! வாங்கும்போது இதைக் கட்டாயம் செய்து காட்டச் சொல்லுங்கள். குமிழில் கீறலும் மயிரிழை வெடிப்பும் இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்.

பீல் பி50, ஐல் ஆஃப் மேன் தீவில் 1960-களின் முற்பாதியில் செய்தது. நீளம் 137 சென்டிமீட்டர், அகலம் 99, எடை 59 கிலோ, எஞ்சின் 49 சிசி. ஒரு கதவு, ஒரு விளக்கு, ஒரு வைப்பர், ஓர் ஆள். பின்னால் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். திரும்ப வேண்டுமானால் இறங்கி, பெட்டியை இழுப்பதுபோல் இழுத்துத் திருப்பலாம். அசல் வண்டிகள் மிகக் குறைவு. சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி பிற்கால நகல். நகல் வாங்குவது குற்றமில்லை, அசல் விலைக்கு வாங்குவதுதான் தவறு. சேஸிஸ் எண்ணும் பழைய பதிவுப் புத்தகமும் இல்லாமல் பேச்சே எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் மெஸ்ஸர்ஷ்மிட்.

கேள்வி: புதிதாகவே வாங்க நினைக்கிறேன். முன்னால் இரண்டு சக்கரம் உள்ளவை பாதுகாப்பானவையா?

பதில்: முக்காலியைத் திருப்பிப் போட்டதுபோல. பிரேக் போடும்போது எடை போகிற இடத்தில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. ஆகவே இந்த அமைப்பு திருப்பத்தில் எவ்வளவோ தேவலை. மோர்கன் நிறுவனம் நூறு வருஷத்துக்கு முன்பே இப்படித்தான் செய்தது. 2022-இல் வந்த அதன் சூப்பர் 3-இல் ஃபோர்டின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின் முன்னால் இருக்கிறது. கூரை இல்லை, கதவு இல்லை. மழை பெய்தால் நீங்கள் நனைவீர்கள், அது குறையில்லை, அதற்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

கவனிக்க வேண்டியது பின்டயர். வண்டியைத் தள்ளுகிற வேலை முழுவதும் அந்த ஒன்றுக்கே, ஆகவே முன்டயர்களைவிடச் சீக்கிரம் தேயும். ஈரச் சாலையில் வேகமாக முடுக்கினால் வால் விலகும். உரிமம், தலைக்கவசம், காப்பீடு ஆகியவற்றில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஓரிடத்தில் கார், இன்னோரிடத்தில் மோட்டார் சைக்கிள். காப்பீட்டுத் தொகையைக் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: ஒரு புது நிறுவனம் மூன்று சக்கரக் காருக்கு இப்போதே முன்பணம் கேட்கிறது. வண்டி இரண்டு வருஷத்தில் வருமாம்.

பதில்: 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் டேவிஸ் டிவான் என்று ஒரு மூன்று சக்கரக் கார், ஒரே வரிசையில் நான்கு பேர் உட்காரலாம். விற்பனை உரிமைக்கென்று பலரிடம் பணம் வசூலானது. ஒரு டஜனுக்குச் சற்று அதிகமான வண்டிகளே உருவாயின. நிறுவனர் மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். நம் காலத்தில் எலியோ மோட்டார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் பல்லாயிரம் பேர் முன்பதிவு செய்தார்கள், வண்டி வரவில்லை. எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. தொழிற்சாலை கட்டப் பணம் பற்றாமல் போவதுதான் அதிகம். "திருப்பித் தரப்படும்" என்ற சொல் ரசீதிலேயே இருக்கிறதா, பணம் நிறுவனத்தின் செலவுக் கணக்கில் கலக்காமல் தனியாக இருக்குமா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், தெருவில் ஓடும் வண்டியைப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சாலைக் குழிகளை மூன்று சக்கரக் காரில் எப்படித் தவிர்ப்பது?

பதில்: நான்கு சக்கரக்காரர் குழியை நடுவில் விட்டுத் தாண்டுவார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நடுவிலும் ஒரு சக்கரம் வருகிறது. எந்தச் சக்கரத்தை அதில் இறக்குவது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யலாம். ஒற்றைச் சக்கரம் பின்னால் இருந்தால், முன்னிரண்டும் தப்பித்த குழி ஒரு நொடி கழித்து உங்கள் இடுப்பில் தெரியும்.