வரப்போகும் லேப்டாப்: விலைக்கு ஒரு கணக்கு, வதந்திக்கு ஒரு சோதனை

கேள்வி: ஆப்பிளின் அடுத்த மேக்புக் ஏர் லேப்டாப் வந்ததும் வாங்கப் பணம் சேர்த்து வருகிறேன். எல்லோரும் டாலர் விலையையே பேசுகிறார்கள். இந்தியாவில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: முடியும். நாலைந்தாயிரம் ரூபாய் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேராது. அதை அங்கே மாநிலத்துக்கு மாநிலம் பில்லில் தனியாகப் போடுவார்கள். நம் ஊர் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். லேப்டாப்புக்கு அடிப்படைச் சுங்க வரி கிடையாது. 2025 செப்டம்பரில் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் ஜிஎஸ்டி குறைந்தபோதும் லேப்டாப் வரி 18 சதவீதத்திலேயே நின்றது. ஆகவே டாலர் விலையை அன்றைய மாற்று மதிப்பால் பெருக்கி, அதை மறுபடி 1.18ஆல் பெருக்குங்கள்.

பழைய விலைகளை வைத்து இதைச் சரிபார்ப்போம். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏர் (சுருக்கமாக எம்1 ஏர்) 999 டாலர். அப்போது டாலர் சுமார் 74 ரூபாய். கணக்குப்படி ரூ.87,233 வர வேண்டும், வந்தது ரூ.92,900. 2022இல் எம்2 ஏர் 1,199 டாலர், டாலர் சுமார் 78 ரூபாய். கணக்கு ரூ.1,10,356, வந்தது ரூ.1,19,900. 2024 மார்ச்சில் எம்3 ஏர் 1,099 டாலர், டாலர் சுமார் 83 ரூபாய். கணக்கு ரூ.1,07,636, வந்தது ரூ.1,14,900. மூன்று முறையும் கணக்குக்கு மேல் 6 முதல் 9 சதவீதம் ஏறியிருக்கிறது. அறிவித்த பிறகு ரூபாய் இறங்கினாலும் கையைக் கடிக்காமல் இருக்க நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும் இடைவெளி என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

2025 மார்ச்சில் வந்த எம்4 ஏர் மட்டும் இந்த வழியை விட்டு விலகியது. 999 டாலர், டாலர் சுமார் 87 ரூபாய் என்றால் கணக்கு ரூ.1,02,557. வைத்த விலையோ ரூ.99,900. லட்சத்துக்குக் கீழே நிற்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்த இடைவெளியை முழுவதும் விட்டுக்கொடுத்தார்கள் என்றே படுகிறது.

டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது 999 டாலருக்கு வந்தால் ரூ.1,04,900 முதல் ரூ.1,14,900 வரை எதிர்பார்க்கலாம். 1,099 டாலர் என்றால் ரூ.1,14,900 முதல் ரூ.1,24,900 வரை. நீங்கள் மாணவி என்பதால் கல்விச் சலுகையையும் கணக்கில் சேருங்கள். எம்4 ஏருக்கு மாணவர் விலை ரூ.89,900 ஆக இருந்தது, அதாவது நேராகப் பத்தாயிரம் குறைவு. ஆனால் பட்ஜெட் உடைவது பெரும்பாலும் ஆரம்ப மாடலில் அல்ல, அடுத்த படியில்தான். எம்4 ஏரில் 256 ஜிபியிலிருந்து 512 ஜிபிக்குப் போக ரூ.20,000 கூடுதல். ஆரம்ப விலை எவ்வளவு என்று பார்க்கும்போதே, அதில் எத்தனை ஜிபி சேமிப்பு தருகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வரப்போகும் லேப்டாப் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. 14 அங்குலம், ஒரு கிலோவுக்குக் கீழே எடை, கோர் அல்ட்ரா 7 258வி சிப், 64 ஜிபி ராம், விசிறியே இல்லை, 99 வாட்-ஹவர் பேட்டரி, 30 மணி நேரம் தாங்குமாம். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். பட்டியலுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத விஷயங்கள் இருக்கின்றன. எந்த வதந்தியையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் சிப்பும் ராமும். 258வி என்பது இன்டெல் 2024 செப்டம்பரில் வெளியிட்ட லூனார் லேக் வரிசை. இந்த வரிசையில் ராம் தனியாகப் போர்டில் இருக்காது, சிப்புடன் ஒரே பொதியில் வரும். இருப்பவை இரண்டே அளவுகள்: 16 ஜிபி, 32 ஜிபி. பெயரின் கடைசி இலக்கமே அதைச் சொல்லிவிடும். 6 என்று முடிந்தால் 16 (226வி, 256வி), 8 என்று முடிந்தால் 32 (228வி, 258வி). 258வி சிப்பில் 64 ஜிபிக்கு வழியே இல்லை. 2026 ஜனவரியில் வந்த பாந்தர் லேக் வரிசையில் ராம் மறுபடி சிப்புக்கு வெளியே வந்துவிட்டதால், அங்கே 64 ஜிபி என்று எழுதியிருந்தால் நம்ப இடமுண்டு.

அடுத்தது பேட்டரி. வாட்-ஹவர் என்பது அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு. விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துச் செல்லும் வரம்பு 100 வாட்-ஹவர். அதனால்தான் 99 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆனால் அதைச் சுமப்பவை பெரும்பாலும் 16 அங்குலப் பெரிய லேப்டாப்புகள். எல்ஜி கிராம் 14 இன்ச் மாடல் 999 கிராம் எடையில் 72 வாட்-ஹவர் கொடுத்தது. அதுவே பெரிய சாதனை. அதே எடைக்குள் 99 கொண்டுவர, திரை, கீபோர்டு, உடல் எல்லாவற்றிலும் சேர்த்து நூறு கிராமுக்கு மேல் குறைத்தாக வேண்டும்.

30 மணி நேரம் என்பதற்கு ஒரு வகுத்தல் போதும். பேட்டரி அளவை மணி நேரத்தால் வகுங்கள். எம்4 ஏரில் 53.8 வாட்-ஹவர், இணையம் பார்க்க 15 மணி நேரம் என்று நிறுவனம் சொல்கிறது. அப்படியானால் சராசரி மின்செலவு 3.6 வாட். நன்கு செதுக்கிய லேப்டாப்பின் அளவு இது. 99ஐ 30ஆல் வகுத்தால் 3.3 வாட் வருகிறது, அது எட்டாத எண் இல்லை. ஆனால் பேட்டரி 99 இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். 55 வாட்-ஹவரில் 30 மணி நேரம் என்று யாராவது சொன்னால் 1.8 வாட் ஆகிவிடும். வெளிச்சமான அறையில் திரை மட்டுமே அவ்வளவைத் தின்றுவிடும்.

கடைசியாக விசிறி. 258வி சிப்பின் மின்செலவு அடிப்படையாக 17 வாட், உச்சத்தில் 37 வாட்; அது வெப்பமாக வெளியேற வேண்டும். விசிறி இல்லாத மெல்லிய உடல் தொடர்ந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 10 முதல் 15 வாட் வரைதான். அதைத் தாண்டினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எம்2 ஏரில் நீண்ட வீடியோ ஏற்றுமதி செய்தவர்களுக்கு இது தெரியும்: முதல் சில நிமிடம் பறக்கும், பிறகு தளரும். 2015இல் ஆப்பிள் 920 கிராமில், விசிறி இல்லாமல், 12 அங்குல மேக்புக்கைச் செய்ததும் 5 வாட் அளவிலான கோர் எம் சிப்பை வைத்துத்தான். விலை 1,299 டாலர், சார்ஜ் போட்டால் வேறு யுஎஸ்பி சாதனம் எதையும் நேரடியாகச் செருக முடியாதபடி ஒரே ஒரு யுஎஸ்பி-சி துளை. 2019இல் நிறுத்திவிட்டார்கள். சிறியது என்பதால் மலிவாக வரும் என்ற எதிர்பார்ப்பை அந்த லேப்டாப்பே உடைத்தது.

கேள்வி: பிஐஎஸ் பட்டியலில் ஒரு மாடல் எண் வந்துவிட்டது என்றால் அடுத்த மாதம் கடைக்கு வந்துவிடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: இந்தியாவில் விற்க நினைக்கிறார்கள் என்பது உறுதி, தேதி உறுதியல்ல. லேப்டாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் கட்டாயப் பதிவு உண்டு. அதில் மாடல் எண்ணும் தயாரிப்பாளரும் தெரியும், ராமோ விலையோ தெரியாது. வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியின் முடிவுகளில் சிப்பும் ராமும் தெரியும், ஆனால் அவை சோதனை மாதிரிகளாக இருந்தால் வேகம் குறைத்துக் காட்டும், பெயரையும் போலியாகப் போட முடியும். பதிவு, கீக்பெஞ்ச், சார்ஜர் லேபிளில் உள்ள வாட் என்று மூன்றும் ஒரே திசையில் காட்டினால் நம்பத் தொடங்கலாம்.

கேள்வி: எம்4 ஏர் சலுகையில் கிடைக்கிறது. புதியது வரும்வரை காத்திருப்பதா, இதையே வாங்கிவிடுவதா? சிறு தொழில் நடத்துகிறேன்.
– வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது லேப்டாப் தேவைப்பட்டால் வாங்கிவிடுங்கள். முன்பெல்லாம் புதியது வந்ததும் பழையது இறங்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். 2025 இறுதியிலிருந்து நிலைமை வேறு. ஏஐ சர்வர்களுக்கான மெமரிக்குத் தேவை கூடியதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்து, சாதாரண ராம் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் அடுத்த மாடல் குறைந்த விலைக்கு வரும் என்று காத்திருப்பது சரியல்ல.

வாங்கும்போது ராமில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஏரில் ராம் சிப்புடன் ஒரே பொதியில் வரும், பெரும்பாலான மெல்லிய விண்டோஸ் லேப்டாப்புகளில் போர்டில் பற்றவைத்திருக்கும்; பின்னால் கூட்ட முடியாது. 16 ஜிபிக்குக் கீழே எதையும் தொட வேண்டாம். சேமிப்புக்கு அந்தக் கவலை விண்டோஸ் பக்கம் குறைவு. பல மாடல்களில் எஸ்எஸ்டியை மாற்றலாம். ஆனால் வாங்கும் முன் நீளம் 2280ஆ, 2242ஆ, 2230ஆ என்று பாருங்கள் (கடைசி இரண்டு இலக்கம் மில்லிமீட்டரில் நீளம்). நீளமானதை வாங்கிவிட்டால் சிறிய இடத்தில் உட்காராது.

உங்கள் தொழில் ஜிஎஸ்டியில் வழக்கமான முறையில் பதிவாகியிருந்தால், ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லி அந்தப் பெயரிலேயே பில் வாங்குங்கள். ரூ.99,900இல் ரூ.15,239 வரி. தொழிலுக்குப் பயன்படுத்தும் லேப்டாப் என்பதால் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்; உங்களுக்கு அடக்கம் ரூ.84,661. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது. வரியோடு சேர்த்த முழு விலைக்குத் தேய்மானம் காட்டினால் வரி வரவு போய்விடும் என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கேள்வி: மகன் துபாயிலிருந்து வருகிறான். அங்கேயே வாங்கிவரச் சொல்லலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். அங்கே மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான் என்பதால் விலை குறைய வாய்ப்புண்டு. மகனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கீபோர்டில் அரபு எழுத்து இல்லாத மாடலைக் கேட்டு வாங்கட்டும். விண்டோஸ் லேப்டாப் என்றால் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று அந்த மாடல் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கட்டும். பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டோடு உத்தரவாதத்தை முடித்துக்கொள்கின்றன.