வீட்டிலேயே பிளைவுட்டில் மீன்பிடிப் படகு செய்யலாமா? தெர்மாகோல் அடைத்துவிட்டால் மூழ்காதுதானே?

இந்தக் கேள்வியில் முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். அந்தத் தெர்மாகோல்தான் எழுத வைத்துவிட்டது.

உங்கள் நிலைமையை ஊகிக்கிறேன். பிளைவுட் மொட்டை மாடிக்கு வந்தாயிற்று. யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்தாயிற்று. வீட்டில் வேண்டாம் என்றார்கள், நீங்கள் கேட்கவில்லை. நானும் அப்படித்தான். 2021இல் சேலத்தில் எங்கள் வீட்டு மாடியில் பத்தடிப் படகு ஒன்று செய்தேன். பலகை விஷயத்தில் நான் ஏமாறவில்லை. கடைக்காரர் ‘மரைன்’ என்று சொல்வதையெல்லாம் நம்பாமல் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்கினேன். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘மட்டமான சாமான் போட்டிருப்பாய்’ என்று கீழே யாராவது வருவார்கள்.

முன்னாலும் பின்னாலும் இருக்கைக்கு அடியில் மூடிய பெட்டி, அதற்குள் தெர்மாகோல். தண்ணீர் ஏறினாலும் படகு மிதக்க வேண்டும் என்பது திட்டம். முன்பெட்டியை எபாக்ஸி ரெசின் (ஊற்றினால் இறுகும் பசை) போட்டு மூடினேன். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. பின்பெட்டிக்கு விலை குறைந்த பாலியெஸ்டர் ரெசின் வாங்கி, தெர்மாகோல்மேலேயே ஃபைபர் விரிப்பைப் போட்டு ஊற்றினேன். ஊற்றும்போது மெல்லச் சுர்ரென்று ஒரு சத்தம். ரெசின் இறுகும்போது சூடாகும் அல்லவா, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் தட்டிப் பார்த்தேன், மேலே கல் மாதிரி இருந்தது.

அடுத்த தவறு எஞ்சினில். படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின், இரண்டு குதிரைத்திறன், பழையது ஒன்று கிடைத்தது. அதன் தண்டு 15 அங்குல உயரப் பின்பலகைக்கு ஏற்றது, என் பலகையோ 20 அங்குல உயரம். விசிறி தண்ணீருக்குள் போக வேண்டுமே என்று பலகையை நடுவில் ஐந்து அங்குலம் வெட்டி இறக்கினேன். அப்படி வெட்டினால் அதற்கு முன்னால் ஒரு தொட்டி வைத்து, வருகிற தண்ணீர் திரும்ப வெளியே போக வழி விட வேண்டும். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எஞ்சின் பிடிக்கப் பலகையில் போட்ட நாலு போல்ட்டும் நேராகப் பின்பெட்டிக்குள் போயின. அதில் இரண்டு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

மேட்டூர் அணை நீர்த்தேக்கம், பண்ணவாடிப் பக்கம். நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயிலின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியுமே, அந்த இடம்தான். அன்று நந்தி தெரியவில்லை. அனுமதி வாங்கினாயா என்று கேட்பவர்களுக்கு: இல்லை, தப்புதான். நானும் மச்சானும் போனோம். அக்கா மிரட்டி அனுப்பியதால் மச்சான் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார். என்னுடையது என் அடியில் மெத்தையாக இருந்தது.

பின்பக்கம் வழக்கத்தைவிடத் தணிந்திருந்ததைக் கவனித்தேன். எஞ்சின் கனம் என்று விட்டுவிட்டேன். நல்ல வேகத்தில் போகும்போது வலை மிதவை ஒன்று எதிரே தெரிந்தது. சட்டென்று வேகத்தைக் குறைத்தேன். நம் படகு கிளப்பிய அலை நம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும். படகு நின்றால் அது நிற்காது. அந்த அலை, வெட்டிவைத்த பள்ளம் வழியாக வழவழவென்று உள்ளே ஏறியது. சத்தம்கூட இல்லை. கணுக்கால் அளவுதான். மச்சான் பதறி எழுந்து நின்றார். அவர் சாய்ந்த பக்கமே மொத்தத் தண்ணீரும் ஓடியது, அந்தக் கனத்தில் படகு இன்னும் சாய்ந்தது. அடுத்த நொடி இருவரும் ஏரிக்குள்.

படகு முழுதாக மூழ்கவில்லை. எபாக்ஸி போட்ட மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்து நின்றது, பின்பக்கம் கீழே தொங்கியது. அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் கிடந்தோம். பரிசலில் வந்த பெரியவர் எங்களை ஏற்றிக்கொண்டு, “ஏனுங்க தம்பி, பின்னாடி இவ்ளோ பள்ளமா வெட்டி வெச்சிருக்கீங்க, தண்ணி உள்ள வராம எங்க போகும்?” என்றார். படகைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே கேட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பெட்டியை அறுத்துப் பார்த்தேன். உள்ளே போல்ட் துளை வழியே புகுந்த தண்ணீர். மூலையில் சூயிங்கம் மாதிரி ஒரு கட்டி. அதுதான் தெர்மாகோல். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற ரசாயனம் இருக்கிறது, பெட்ரோல் கரைப்பது மாதிரி அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி கரைக்காது.

‘தொழில் தெரியாதவன் ஏன் தொட்டாய்’ என்பவர்களே, 2023 மே 7ஆம் தேதி கேரளாவின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தது வீட்டு மாடியில் செய்த படகில் இல்லை. மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றிக் காசு வாங்கி ஓட்டியது. என் முட்டாள்தனத்துக்கு நான் மட்டும்தான் டிக்கெட் வாங்கினேன். சரி, மச்சானும்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இன்றுவரை எனக்குப் பெயர் கப்பல்காரர். கல்யாண வீட்டில் பாயசம் வந்தால்கூட ‘பார்த்து, மூழ்கிடப் போறீங்க’ என்கிறார்கள். அதிகம் சிரிப்பவர் ஒரு சித்தப்பா. 2018இல் என்னிடம் வாங்கிய நாற்பதாயிரத்தை அவர் இன்னும் தரவில்லை. அதைப் பற்றி அந்தக் குழுவில் யாரும் ஜோக் அடிப்பதில்லை.

உங்கள் படகுக்கு வருகிறேன். செய்யலாம். ஆனால் ஏரிக்குப் போகும் முன் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, எஞ்சினோடு விளிம்புவரை நீங்களே நிரப்புங்கள். அப்புறம் இரண்டு பேர் ஏறி உட்காருங்கள். மட்டமாக மிதந்தால் சரி. பெட்டியை ஏற்கெனவே மூடிவிட்டீர்கள், எந்த ரெசின் என்று நினைவில்லை என்றால், மேலே ஒரு அங்குலத் துளை போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று இங்கேயே எழுதுங்கள்.