மார்ச் 27-ஆ, மே 18-ஆ? இரண்டும் சரிதான்

மகளின் பள்ளிக்காக 1980-இல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தவற்றை ஒரே தாளில் எழுத வேண்டும், செயின்ட் ஹெலன்ஸ் எரிமலைக்கு ஓரிடத்தில் மார்ச் 27, இன்னோரிடத்தில் மே 18 என்று இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையுமே எழுதச் சொல்லுங்கள்.

மார்ச் 27-இல் நீராவியும் சாம்பலும் முதன்முதலாக வெளிவந்தன. அதன்பின் மலையின் வடபக்கம் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வீதம் புடைத்துக்கொண்டே வந்தது. மே 18 ஞாயிற்றுக்கிழமை காலை 8:32-க்கு நிலநடுக்கம் வந்ததும் அந்தப் புடைப்பு அப்படியே சரிந்தது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் மேல்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் வெடித்தது. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு நாசமானது. மலை 400 மீட்டர் குட்டையானது. யாக்கிமா நகரில் பகலிலேயே இருட்டிவிட்டது.

ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். இறந்த 57 பேரில் பெரும்பாலோர் அரசு வரைந்த தடை எல்லைக்கு வெளியே இருந்தவர்கள். மலையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் கண்காணித்துக்கொண்டிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்ற விஞ்ஞானியும் இறந்தார். அவருக்கு வயது 30. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

தாளில் இடம் மிஞ்சினால் அரசியலுக்கு இரண்டு வரி போதும்: மாநிலத்தின் முதல் பெண் ஆளுநர் டிக்சி லீ ரே செப்டம்பரில் கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார், நவம்பரில் ஜான் ஸ்பெல்மன் வென்றார்.

படம் வரைவதாக இருந்தால், மலையின் முன்னும் பின்னுமான வடிவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வரையட்டும்.