அரியலூர்ச் சிப்பிக்கல்லை கிரைபியா என்று எழுதலாமா?

கேள்வி: கல்லங்குறிச்சி பக்கம் கிடைத்த, உள்ளங்கை அளவு சிப்பிக்கல். ஒரு ஓடு புடைத்து நுனி வளைந்திருக்கிறது, மற்றது தட்டையான மூடி. 'கிரைபியா, ஜுராசிக் காலம்' என்கிறார்கள். பள்ளிக் கண்காட்சியில் அப்படியே எழுதலாமா?

பதில்: வேண்டாம், அப்படி எழுதாதீர்கள். கல்லங்குறிச்சி சுண்ணாம்புப் பாறை கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனைச் சேர்ந்தது, அதாவது சுமார் 7 கோடி ஆண்டுப் பழமை. உண்மையான கிரைபியா, அழிந்துபோன ஒரு சிப்பிப் பேரினம், அதற்கு முந்தைய டிரையாசிக் இறுதியிலும் ஜுராசிக்கிலும் வாழ்ந்தது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பிக்னோடான்டி என்ற வேறொரு பேரினம். 1806-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் ஆஸ்ட்ரியா வெசிகுலாரிஸ் என்று பெயரிட்ட இனம் பிறகு கிரைபியாவுக்குப் போய் இப்போது பிக்னோடான்டியில் இருக்கிறது, பழைய நூல்களில் இன்னும் கிரைபியா என்றுதான் பார்ப்பீர்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் வடிவம். சேற்றுக் கடல்தரையில் ஒட்டிக்கொள்ளப் பாறை கிடையாது. குஞ்சுச் சிப்பி சிறு ஓட்டுத்துண்டில் ஒட்டி, வளர்ந்ததும் விடுபட்டு, கனத்த இடது ஓட்டைக் கிண்ணம்போல் கீழே வைத்துக் கிடக்கும், வாய் மட்டும் சேற்றுக்கு மேலே. இந்தத் தீர்வை வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக எட்டின. அதனால்தான் வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி வகைப்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

சரி, எதைப் பார்ப்பது? உடைந்த விளிம்பை லென்ஸில் பாருங்கள். நுரைபோல் நுண்ணிய அறைகள் தெரிந்தால் பிக்னோடான்டி கிளைதான், வேறு சந்தேகமே வேண்டாம். ஓடுகள் பிரிந்திருந்தால் உள்ளே தசை ஒட்டிய தழும்பையும் பாருங்கள்: கிரைபியா, பிக்னோடான்டி இரண்டும் அடங்கும் கிரைபெயிடே குடும்பத்தில் வட்டமாக இருக்கும், இன்று நாம் சாப்பிடும் ஆளிகளின் (ஆய்ஸ்டர் சிப்பிகளின்) குடும்பத்தில் சிறுநீரக வடிவில். நுனி பக்கவாட்டில் சுருண்டிருந்தால் எக்சோகைரா என்ற இன்னொரு சிப்பிக் கூட்டமாக இருக்கலாம்.

அப்புறம் ஒன்று, ஆளிகளின் ஓடு கால்சைட் என்ற உறுதியான சுண்ணாம்புக் கனிமம் என்பதால் நிலைத்துவிடுகிறது. டிரைகோனியா போன்ற வேறு இருஓட்டு உயிரிகளின் ஓடு எளிதில் கரையும் அரகோனைட் கனிமம், அது பெரும்பாலும் கரைந்து உள்ளச்சு (ஓட்டுக்குள் நிரம்பிய சேறு இறுகிய கல்) மட்டுமே எஞ்சும், அதற்கு இனப்பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்.

அட்டையில் 'பிக்னோடான்டி, கிரைபெயிடே குடும்பம், மாஸ்ட்ரிக்டியன்' என்று எழுதி, எடுத்த இடத்தையும் தேதியையும் கட்டாயம் சேருங்கள். வினிகரில் மட்டும் கழுவாதீர்கள், ஓடே கரையும். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.