சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சில:

எருத்தேம்பதி விவசாயி: அண்ணா, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து குணமானது. இரண்டு மாதம் கழித்து ஒரு கண் சிவந்து மங்குகிறது. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். கண்ணுக்குள் இருக்கும் ரத்தநாளப் படலத்தில் வரும் அழற்சியை யுவைட்டிஸ் என்கிறோம். எலி, மாடு இவற்றின் சிறுநீர் கலந்த வயல்தண்ணீர் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி உடம்பில் ஏறுகிறது. காய்ச்சல் ஓய்ந்து வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூட கண்ணில் காட்டும். 1993 கடைசியில் மதுரைப் பக்கம் வெள்ளம் வந்துபோன பிறகு, அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படிப்பட்டவர்கள் கூட்டமாக வந்தார்கள். காரணம் இந்தக் கிருமிதான். நம்மூரும் வரப்பும் தொழுவமும்தானே! டாக்டரிடம் பழைய காய்ச்சலையும் வயல்வேலையையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்துவிடலாம்.

வேலந்தாவளம்: மெடிக்கலில் தந்த சொட்டு மருந்தில் சிவப்பு போய்விட்டது. தொடரலாமா?

வேண்டாம். அது டாக்டர் பார்க்காமல் தந்த ஸ்டீராய்டாக இருந்தால் சிவப்பு போகும், நோய் போனதாக ஆகாது. உள்ளே பூஞ்சையோ ஹெர்பிஸ் வைரஸோ இருந்தால் இன்னும் மோசமாகும். நாள்பட்டால் கண் அழுத்தமும் ஏறும், கண்புரையும் வரும். பீளை இல்லாமல் வலியும் வெளிச்சக் கூச்சமும் இருந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று விட்டுவிடாதீர்கள்.

இருபத்தாறு வயது, டிரைவர்: கண் சிவப்பு வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது, ஒரே நேரத்தில் ஒரு கண்தான்.

காலையில் எழும்போது இடுப்பு இறுகிக்கிடந்து, நடமாடினால் இளகுகிறதா? அப்படியென்றால் யுவைட்டிஸோடு சேர்ந்து வரும் முதுகெலும்பு வாதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்எல்ஏ பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். இடுப்பு வலிக்கு வண்டி சீட்டைக் குறை சொல்லிக்கொண்டே வருஷங்களை ஓட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வடகரப்பதி, ஒரு அம்மா: குளத்தில் நீந்துகிற பையன். கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கட்டி மாதிரி.

உடனே காட்டுங்கள் அம்மா. தென்னிந்தியக் கிராமக் குளங்களில் குளித்த பிள்ளைகளுக்கு, நத்தையில் வளரும் தட்டைப்புழுவால் இப்படி வந்திருக்கிறது. வேறு காரணமும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது. அதுவரை குளம் வேண்டாம்.

கோபாலபுரம்: சார், இருமலே இல்லை. கண் சிவந்ததற்கு டிபி பரிசோதனை எதற்கு?

நுரையீரல் சுத்தமாக இருந்தும் கண்ணில் டிபி இருக்கலாம். நம் நாட்டில் அதைத் தேடாமல் விடமாட்டார்கள்.

அதே ஆள்: எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டதே?

பலருக்குக் காரணம் கடைசிவரை தெரியாது. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு சொட்டை டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் திரும்பவும் கிளம்பும். ரிசல்ட் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை வேண்டியிருக்கும்.